மலை விழாத வாரம்

பதுளைதான் கடைசி ஸ்டேஷன், தூங்கிப்போனாலும் தவறவிட முடியாது என்று ரஞ்சனி போனில் சொல்லியிருந்தாள். நான் தூங்கவும் இல்லை, பதுளை ஸ்டேஷனைப் பார்க்கவும் இல்லை. பண்டாரவளையில் ரயில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. பருப்பு வடைக்காரர் மறுபடி மறுபடி வந்துபோனார். வடை சுற்றிய காகிதம் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாள். எண்ணெய் ஊறிய இடத்தில் ஒரு பின்னக் கணக்கு தப்பாகப் போடப்பட்டிருந்தது.

எதிரில் இருந்த சிங்களப் பெண்மணி ஜன்னல் வழியாக கார்டிடம் ஏதோ கேட்டார். கார்டு பதில் சொல்லிவிட்டு நடந்தார். பெட்டியில் சிரிப்பு எழுந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் எனக்காகத் தமிழில் சொன்னார்: "எல்லைக்கு அந்தப் பக்கம் மண்ணு எறங்கி லைன்ல உக்காந்திருக்காம். அது எந்திரிச்சாத்தான் நாம போகலாமாம்."

அவர் சொன்ன எல்லை, எல்ல என்கிற ஊர் என்று பிறகுதான் புரிந்தது. மண்ணுக்கும் எனக்கும் பழைய உறவு. கடலடி மண் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதித்துப் பார்ப்பதுதான் சென்னையில் என் வேலை. எத்தனையோ மண்ணை உருளையாக்கி நசுக்கிப் பார்த்திருக்கிறேன். மண் என்னை வழிமறித்தது அதுதான் முதல் தடவை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். வெலிமடையிலிருந்து கேரட்டும் லீக்ஸும் மூட்டை மூட்டையாக ஏறியிருந்தன. ஒரு லீக்ஸ் கட்டின் மேல் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் பயணம். மூட்டைக்குச் சொந்தக்காரப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்கிட்டு போறீங்க?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் திருச்சிக்காரி. துறையூரில் இருக்கும் என் சித்தி அச்சு அசலாக இப்படித்தான் கேட்பாள். இங்கே கடல் தாண்டி, மலை ஏறி, லீக்ஸ் மூட்டைக்கு நடுவில் அதே குரல். பதுளை என்றேன். "பாத்துப் போங்க, மழை விடாது" என்றார். அவர் சொன்னதுபோலவே விடவில்லை.

பஸ் நிலையத்தில் ரஞ்சனி குடையோடு நின்றாள். நனைந்த என்னை நேராக ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனாள். சூடான ரொட்டி, இடித்த மிளகாய்ச் சம்பல், ஒரு கோப்பை இஞ்சித் தேநீர். முதல் வாயில் கண்ணில் நீர் வந்தது. சம்பலுக்கா, அவளைப் பார்த்ததற்கா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ரஞ்சனி என்னிடம் சென்னையில் சில வருடம் ஆய்வு மாணவியாக இருந்தவள். நமுனுகுல மலைச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள் போட்டுத் தொழிலாளர் குடும்பங்களைக் குடிவைத்த நீளக் கட்டடத்தில், பிறந்து வளர்ந்தவள். இப்போது பதுளையில் பொறியியல் சொல்லிக்கொடுக்கிறாள். என்னைவிடக் கூர்மையானவள். அவளைத் திரும்ப அழைத்துப் போகத்தான் நான் வந்திருந்தேன். வங்காள விரிகுடாவில் எங்கள் நிறுவனம் ஒரு சோதனை நடத்தப்போகிறது. கப்பலில் இருந்தபடி கடலடி மண்ணைக் கண்காணிக்க ஒரு ஆள் வேண்டும். அவள் பெயரைச் சொன்னவள் நான்தான். இதை அவளிடம் போனில் சொல்லவில்லை. ஆய்வகத்தைப் பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

மறுநாள் ஆய்வகத்தைப் பார்த்தேன். ஒரு பழைய வகுப்பறை. அதில் ஒரு குளிர்சாதனப் பெட்டி, கண்ணாடிச் சாளரம் வைத்த ஒரு எஃகுக் கலம், சுவரோரம் சங்கிலி போட்டுக் கட்டிய சிலிண்டர்.

எங்கள் வேலையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடலின் ஆழத்தில், குளிரும் அழுத்தமும் சேர்ந்த இடத்தில், தண்ணீர் மீத்தேன் வாயுவைச் சுற்றிக் கூண்டு கட்டி அடைத்து வைத்திருக்கிறது. பார்த்தால் பனிக்கட்டி. தீக்குச்சியைக் காட்டினால் எரியும். மீத்தேன் ஹைட்ரேட் என்று பெயர். கடலடியில் மணலுக்கும் சேற்றுக்கும் நடுவே இது உறைந்து கிடக்கிறது. வெறுமனே கிடப்பதில்லை, மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டியும் வைக்கிறது, செங்கலுக்கு நடுவே சாந்துபோல. அந்த வாயு நமக்கு வேண்டுமென்றால் கிணறு தோண்டி, நீரை உறிஞ்சி, அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கூண்டு உடையும், வாயு வரும். கூடவே சாந்தும் போய்விடும். மேலே இருக்கும் மண்ணின் பாரமோ அப்படியே இருக்கிறது. அப்புறம் அந்த மண் என்ன செய்யும்? மெதுவாக அமுங்குமா, கிணற்றுக்குள் மணலாக வழியுமா, சரிவாக இருந்தால் மொத்தமாகச் சறுக்குமா? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் என்னைப் போன்றவர்கள் பிழைக்கிறோம்.

மீத்தேனை வகுப்பறையில் வைக்க முடியாது, ஆபத்து. அதனால் ரஞ்சனி கரியமில வாயுவை வைத்து அதேபோன்ற உறைவை மண்ணுக்குள் உண்டாக்குகிறாள். சிலிண்டரை வரவழைத்துக் கொடுப்பவர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நிசாம். ஊரே அவரை நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறது. அன்று அவரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். தான் கொடுத்த சாமானை வைத்து இந்தப் பிள்ளை என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டுமாம்.

ரஞ்சனி இரண்டு சோதனை காட்டினாள். முதல் உருளை வெறும் மணல். மேலே பாரம், உள்ளே உறைவு. வால்வை மெதுவாகத் திறந்தாள். மண் உருளை அடிக்குரலில் பெருமூச்சு விடுவதுபோலக் கொஞ்சம் குட்டையானது. அவ்வளவுதான், நின்றுகொண்டது. நீர் அழுத்தம் குறைந்ததால் துகள்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டன. இரண்டாவது உருளையில் களிமண் கலந்திருந்தது. இப்போது வால்வைச் சட்டென்று திறந்தாள். களிமண்ணுக்குள் உடைந்து வந்த வாயுவுக்கு வெளியேற வழி கிடைக்கவில்லை. உள்ளேயே முட்டியது. ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு உருளை நடுவில் பருத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது.

"படுத்திட்டுதே" என்றார் நானா.

"அவசரப்பட்டா படுத்துரும், நானா" என்றாள் ரஞ்சனி.

அவள் கலத்தைத் திறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. அவளுடைய அண்ணி புஷ்பம். அண்ணன் மூர்த்தியும் புஷ்பமும் இன்னும் அதே தோட்டத்தில், அதே லயத்தில்தான் இருக்கிறார்கள். அண்ணனுக்கு ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அண்ணி கொழுந்து பறிக்கிறார். ரஞ்சனி வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். லயத்துக்கு மேலே தேயிலை மலையில் வெடிப்பு விட்டிருக்கிறதாம், கை உள்ளே போகிறதாம். குழாய்ப் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீர் காலையிலிருந்து கலங்கி வருகிறதாம். அண்ணியின் வீட்டுக் கதவு இரண்டு நாளாகச் சாத்த முடியவில்லையாம், நிலை கோணிக்கொண்டதாம். அண்ணன் இதெல்லாம் மழைக்கு மரம் ஊதுவது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம்.

விடிந்ததும் நானா தன் வேனைக் கொண்டுவந்தார். பின்னால் கறுப்பு பொலித்தீன் சுருள்கள் கிடந்தன. எதற்கு என்று கேட்டேன். "வெடிப்புக்குள்ள தண்ணி போகப்படாதுன்னு ரஞ்சனி மிஸ் சொன்னாங்க. கடையில சும்மா கெடக்குறதுதானே" என்றார்.

பாதை ஏற ஏற மேகத்துக்குள் நுழைந்தோம். ஒரு வளைவில் வேன் சேற்றில் ஒரு முறை வழுக்கி, மறுமுறை உறுமி, அதன்பின் மரியாதையாக நின்றுவிட்டது. ஆளுக்கொரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். கொழுந்துக் கூடையோடு எதிரே வந்த பெண்கள் எங்கள் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் என் சுருளை வாங்கிக்கொண்டார். திருச்சி என்றதும், தங்கள் முன்னோர் மணப்பாறைப் பக்கம் என்றார். மணப்பாறை எப்படி இருக்கும் என்று கேட்டார். வறண்ட ஊர், வெயில் கொளுத்தும் என்றேன். "அப்ப மண்ணு சரியாது" என்றார் அவர், ரொம்பச் சாதாரணமாக.

லயத்து வாசலில் சின்னத் தொரை காத்திருந்தார். தோட்டத்தின் உதவி மேனேஜர், இளம் வயதுச் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். அதிகாரிகளுக்குச் சொல்லியாகிவிட்டது, எல்லா இடத்திலும் மண் இறங்கியிருப்பதால் வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார். அதுவரை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மிஸ் ஒரு வார்த்தை சொன்னால் பள்ளிக்கூடத்தையும் பிள்ளைக் காம்பராவையும், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் அறையையும், திறந்து விடுவதாகச் சொன்னார். வார்த்தை முழுக்க ரஞ்சனியின் தலையில் வந்து விழுந்தது.

நாங்கள் மேலே ஏறினோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே வெடிப்பு ஒரு அரிவாள்போல வளைந்து ஓடியது. கீழ்ப்பக்கம் ஒரு சாண் இறங்கியிருந்தது. லயத்துக்குப் பின்னால் இருக்கும் கல் கட்டு லேசாக வயிறு தள்ளியிருந்தது. ரஞ்சனி குந்தி உட்கார்ந்து வெடிப்பின் ஓரத்து மண்ணை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். என்னிடமும் நீட்டினாள். களிமண், வெண்ணெய்போல வழுக்கியது.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க அக்கா?" என்றாள்.

ஆய்வகத்தில் ஒரு உருளைக்குள் நீர் அழுத்தம் எவ்வளவு என்று திரையில் தெரியும். இங்கே இந்த மலைக்குள் எங்கே நீர் தேங்கியிருக்கிறது, எங்கே வெளியேறுகிறது, எதுவும் தெரியவில்லை. கடலடியில் நீரை உறிஞ்சினால் எங்களுக்குப் பயம். இங்கே நீர் உள்ளே போவதுதான் பயம். ஆனால் கடைசியில் இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான். துகள்கள் இன்னும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றனவா, விட்டுவிட்டனவா. பார்த்தால் நல்லதாகத் தெரியவில்லை, ஆனால் எனக்குத் தெரியாது என்றேன். தனக்கும் அப்படித்தான் என்றாள். இறங்கிப் போனாள்.

பீலியடியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பிரசங்கம் எதிர்பார்த்தேன். அவள் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"விழும்னு சொல்ல எனக்குத் தெரியாது. விழாதுன்னு சொல்லவும் தெரியாது. இந்த மழையில எங்க அண்ணி இந்த வீட்டுல படுக்கக் கூடாது, அது மட்டும் தெரியும். எங்க அண்ணிக்குச் சொல்றதைத்தான் உங்களுக்கும் சொல்றேன்."

பிறகு ஒரு பெண் உள்ளே போய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. பானை, அடுப்பு, சாமி படம், கோழிக்கூடு, டிவி. டிவியை நானா தூக்கினார்.

ஸ்டோரிலிருந்து மூர்த்தி வந்தார். நல்ல உயரம், ரஞ்சனியின் அதே மூக்கு. வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். போன மாதம்தான் தரைக்குச் சிவப்பு சிமெண்டு போட்டிருந்தார். கண்ணாடிபோல மின்னியது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய், அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

மத்தியானம் மழை வருவதற்குள் ஆண்களும் பெண்களுமாக மேலே போய் வெடிப்பைப் பொலித்தீனால் மூடினோம். ஓரத்தில் களிமண்ணை அடைத்தோம். அதற்கு மேலே தண்ணீர் திரும்பிப் போக வாய்க்கால் வெட்டினார்கள். நானும் மண்வெட்டி பிடித்தேன். என் வெட்டைப் பார்த்துவிட்டுப் புஷ்பம் மரியாதையாக அதை வாங்கிக்கொண்டார். பிறகு மழை வந்தது. அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் மழை வந்தால் ஜன்னலைத் திறப்போம். இங்கே பள்ளிக்கூட மண்டபத்தில் அத்தனை பேரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஒரு சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாண் என்கிற ரொட்டியும் பருப்பும் சுற்றி வந்தன. நான் பாணைப் பருப்பில் தோய்த்து, மென்று, என்ன சாப்பிட்டேன் என்றே தெரியாமல் விழுங்கினேன்.

மலை விழவில்லை.

அடுத்த நாளும் விழவில்லை. நாங்கள் பதுளைக்குத் திரும்பியிருந்தோம். ரஞ்சனி வகுப்பெடுத்தாள், நான் மாணவர்களிடம் கடலடி மண்ணைப் பற்றிப் பேசினேன். இடையில் மின்சாரம் போய், குளிர்ப்பெட்டி சூடாகி, இரண்டு நாளாக உறைந்துகொண்டிருந்த ஒரு உருளை வீணாயிற்று. சென்னையாக இருந்தால் நான் அதற்காக ஒரு நாள் முழுக்க எரிச்சலாக இருந்திருப்பேன். அன்று அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. மணிக்கொரு தரம் அவள் போனைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சாயந்தரம் நானா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. நெய் வாசம், முந்திரி, ஒரு ஓரமாகப் புதினாச் சம்பல். அவள் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த நாள் வெயில் அடித்தது. வானம் கழுவித் துடைத்ததுபோல நீலமாக இருந்தது. எங்களுக்கு அதுதான் கஷ்டகாலம். புஷ்பம் போன் செய்து, பாதிப் பேர் லயத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்கள் என்றார். மறுபடி நானாவின் வேன்.

மூர்த்தி பள்ளிக்கூட வாசலில் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. நாய் கோழிகளைப் பிடித்துக்கொண்டு போனது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் போனது, மண்டபத்தில் பெண்கள் உடை மாற்ற இடமில்லாமல் பட்ட பாடு. எல்லாம் உண்மை. எதையும் அவர் கூட்டிச் சொல்லவில்லை. ஸ்டோரில் எல்லோரும் தன்னைப் பார்த்து, உன் தங்கச்சி படிச்ச படிப்புக்கு ஊரே பெஞ்சில படுக்குது என்று சிரிக்கிறார்கள் என்றார். கடைசியில் குரல் தணிந்தது.

"விழலையே பாப்பா. இப்ப என்ன சொல்ற?"

"விழலைன்னு சந்தோஷமா இருக்குண்ணே. ஆனா வெடிப்பு இன்னும் அங்கதான் இருக்கு. இன்னைக்கும் அதேதான் சொல்றேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, புஷ்பத்திடம் சாமானைக் கட்டச் சொன்னார். புஷ்பம் பிள்ளைக் காம்பராவின் ஓரத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, உருளைக்கிழங்குப் பிரட்டல் கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் வரல" என்றார்.

"என்னது?"

"நீங்க போறதுன்னா போங்க. நான் அந்த வீட்டுல இனி படுக்க மாட்டேன். கதவு சாத்தாத அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பாப்பா வந்து சொன்னதுனால இல்ல."

மூர்த்தி ஸ்டோர்ப் பக்கம் நடந்தார். புஷ்பம் எங்களுக்குக் கிழங்கும் ரொட்டியும் போட்டுக் கொடுத்தார். கரண்டியைக் கீழே வைத்து, இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டு, மறுபடி எடுத்தார். அந்தக் கிழங்கின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. கறிவேப்பிலையும் மாசிக் கருவாடும் போட்டுக் கருகக் கருகக் கிண்டியது. கேட்டு எழுதிக்கொண்டு வந்து வீட்டில் செய்து பார்த்தேன். வரவில்லை.

திரும்பும் வழியில்தான் கப்பல் விஷயத்தைச் சொன்னேன். அதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது, அல்லது அதைவிட நல்ல நேரம் இருக்க முடியாது என்று எனக்கு அப்போது தோன்றியது. திட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், இங்கிருந்து கிளம்பினால் போதும் என்றிருப்பாள் என்று நினைத்தேன். வேலையை விளக்கினேன். கடலடி எவ்வளவு அமுங்குகிறது, கிணற்றில் மணல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அளவு மீறினால் நிறுத்தச் சொல்ல வேண்டும். அவளைவிட அதற்குப் பொருத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. அதை இந்த வாரம் கண்ணால் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நான் நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்துவாங்களா அக்கா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. கேட்பார்கள், கூட்டம் போடுவார்கள், கூட்டம் முடியும் வரைக்கும் பம்பு ஓடும் என்றேன்.

அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "இங்க பாதிப் பேராவது கேட்டாங்க" என்றாள்.

கப்பலுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். களிமண் கலந்த உறைவைப் பற்றிய சோதனையை இங்கிருந்தே தொடர்ந்து செய்வாள், எவ்வளவு மெதுவாக அழுத்தத்தைக் குறைத்தால் மண் தாங்கும் என்பதை எங்களுக்குச் சொல்வாள். நான் அதைக் கப்பலில் இருப்பவர்கள் காதில் போட வேண்டும். இந்த ஏற்பாட்டில் கஷ்டமான பாதி என்னுடையது என்று அப்போதே புரிந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த நானா, ஒன்றும் காதில் விழாதவர்போல, "ரஞ்சனி மிஸ் போனா அந்தச் சிலிண்டரை நான் யாருக்கு விக்கிறது" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். அவர் அதில் ஒன்றும் சம்பாதிப்பதில்லை என்று ரஞ்சனி பிறகு சொன்னாள்.

நான் கிளம்ப வேண்டிய நாள் காலையில், பஸ்ஸுக்கு முன்னால் தோட்டத்துக்கு ஒரு நடை போய்வரலாம் என்று ரஞ்சனி கூப்பிட்டாள். பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். அதிகாரிகள் அன்று வருவதாக இருந்தது. அவர்கள் வருவதற்கு முன்பே லயத்திலிருந்து தகரச் சத்தம் கேட்டது. இருவரும் ஓடினோம்.

மூர்த்தி கூரை மேல் உட்கார்ந்திருந்தார். தன் வீட்டுக்கு நேர் மேலே இருந்த தகரங்களை ஆணி பிடுங்கிக் கழற்றிக்கொண்டிருந்தார். புஷ்பம் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆணிகளை ஒரு டின்னில் வாங்கிப் போட்டார். திரும்பி வந்திருந்த குடும்பங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

சின்னத் தொரை மூச்சிரைக்க வந்தார். இது கம்பெனித் தகரம், இப்படிக் கழற்றக்கூடாது, தனக்குத்தான் சிக்கல் வரும் என்றார். கோபமாக இல்லை, கெஞ்சலாகவே சொன்னார். மூர்த்தி சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"மலை வந்தா கம்பெனித் தகரமும்தான் போகும், தொரை. பிள்ளைக் காம்பராக்குப் பக்கத்துல சமைக்க ஒரு குசினி போடுறேன். அதுவும் கம்பெனி எடம்தானே. தகரம் எங்கயும் போகல" என்றார். பிறகு எங்களைப் பார்த்தார், அதாவது தங்கையைப் பார்த்தார். "கூரை இருந்துச்சுன்னா வெயில் அடிக்கிறப்பல்லாம் எனக்குத் திரும்பி வரத் தோணும் பாப்பா."

ரஞ்சனி ஏணியின் மறுபக்கத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

சின்னத் தொரை போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார். போன் வரவில்லை, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கூரை போனதும் வெயில் நேராக வீட்டுக்குள் இறங்கியது. சிவப்புத் தரை பளபளத்தது. வாசலில் இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தார். தரையின் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும், மயிரிழைபோல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. வீட்டுக்குள் இருட்டாக இருந்தவரை யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அந்தப் பெண் தன் வீட்டுக்குள் போனார். உள்ளே பாத்திரங்கள் நகரும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டிலும் கேட்டது.

மூர்த்தி இறங்கி வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். காலால் தொட்டுப் பார்த்தார். அதன்பின் ஒரு தகரத்தின் முனையைத் தூக்கிக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க யாராவது வருவார்களா என்பதுபோலத் திரும்பினார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தேன். ஈரப் படிகளில் அவர் முன்னாலும் நான் பின்னாலுமாகத் தகரம் அதிர அதிர இறங்கினோம். என் பஸ் போய்விட்டது. அவர் ஒவ்வொரு வழுக்கலான படியிலும் நின்று, "பாத்து வாங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டே போனார்.